சாம்பிள் ரூம் கம்ப்யூட்டரில் என் காது

எனக்கு இடது காது கேட்காது. இதை இப்படி ஒரே வரியில் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருஷமும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில், எல்லாம் கேட்கிறவளைப் போல நடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். நன்றாகத்தான் நடிக்கிறேன் என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

சாம்பிள் ரூம் என்பது, பெரிய ஹாலில் ஆயிரக்கணக்கில் தைக்கப்போகிற ஷூவை முதலில் ஒரே ஒரு ஜோடி செய்து பார்க்கிற அறை. வெளிநாட்டில் எங்கள் ஷூவை வாங்குகிற பையர், ஒரு வெள்ளைக்காரர், படமும் அளவும் அனுப்புவார். எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் அட்டையில் வெட்டிக் கொடுப்பார். தோல் வெட்டி, தைத்து, சோல் ஒட்டி, ஒரு ஜோடி கூரியரில் போகும். பிறகு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீடியோ கால். திரையில் அந்த வெள்ளைக்காரர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி குறை சொல்வார். முனையை இரண்டு மில்லிமீட்டர் தூக்கு, குதிகால் பக்கம் தையலைக் கீழே இறக்கு, இப்படி. அதைக் காதில் வாங்கி, குறித்து, தமிழில் மாஸ்டருக்குச் சொல்வது என் வேலை. நான் பேரணாம்பட்டில் பள்ளிப் படிப்போடு நின்று, தையல் லைனில் சேர்ந்தவள். லைனில் உட்கார்ந்தே ஆங்கிலத்தைக் காதால் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலிக்கு வந்தேன். காதுதான் என் சர்டிஃபிகேட்.

அது போன விதம் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் போனை இடது காதில் வைத்துக்கொண்டு ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். டவர் இல்லையோ என்று பார்த்தால் முழு டவரும் இருந்தது. வலது காதுக்கு மாற்றினதும், "ஏம்மா இப்படிக் கத்துற? நான் பேசிக்கிட்டேதான இருக்கேன்" என்றாள் என் மகள். வேலூரில் ஒரு காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் வரும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். இடது பக்கத்துக்கு நான் ஒரு தடவைகூட அமுக்கவில்லை. நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார் டாக்டர். வலதும் கொஞ்சம் கம்மிதான், காது மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. காரணம் இருந்தது. எங்கள் கம்பெனியில் தோல் செலக்‌ஷன் பார்த்த ஒருவருக்குக் கண் மங்கியது. எக்ஸ்போர்ட் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லி பாக்கிங்குக்கு மாற்றினார். ஒரு தோலைத் தடவிப் பார்த்தே அந்த மாடு எந்த முள்வேலியில் உரசியது என்று சொல்லக்கூடிய மனுஷர், அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். நல்லவர் நம் நல்லதுக்காக ஒன்றைச் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச வாய் இருக்காது. காது விஷயம் வெளியே தெரிந்தால் அந்த வெள்ளிக்கிழமை நாற்காலி போய்விடும். எனக்கு அது ஒன்றுதான் பயம்.

சாயங்காலம் கம்பெனி பஸ் பேரணாம்பட்டுக்குக் கிளம்பினதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனில் இங்கிலீஷ் எழுத்தில் தேட ஆரம்பிப்பேன். காது நரம்புக்கு வைத்தியம் உண்டா. வெளியே தெரியாத ஹியரிங் எய்ட். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வது எப்படி. காது கேட்காதவர்களை வேலையை விட்டு எடுக்கலாமா. பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தால் உடனே வெண்டைக்காய்ப் புளிக்குழம்புக்கு மாறிவிடுவேன். மனுஷரிடம் கேட்க முடியாததையெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்தில் கேட்டேன். அது யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது என்ற தைரியம்.

இங்கே என்னுடைய மடத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். சாம்பிள் ரூமில் எங்கள் ஆறு பேருக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர். கம்பெனி மெயில் அடிக்கடி நிரம்பிப் போய், பையரின் அளவுச் சீட்டு உள்ளே வராமல் திரும்பிவிடும். ஒரு நாள் அந்தப் பேஜாரில் எரிச்சல்பட்டு, என் சொந்த மெயிலையே அதில் திறந்து, சீட்டுகளை அதற்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். பிரௌசர் என்னவெல்லாமோ கேட்டது. பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா, எப்போதும் உள்ளேயே இருக்கட்டுமா, எல்லாச் சாதனங்களிலும் ஒன்றாக வைக்கட்டுமா. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தட்டினேன். அதோடு விட்டேனா? நான் இல்லாத நாளில் யாருக்காவது வேண்டுமே என்று, கறுப்பு லைனிங் தோலில் ஒரு துண்டு வெட்டி, தையல் கோடு போடுகிற வெள்ளிப் பேனாவால் அதில் பாஸ்வேர்டை எழுதி, ஓட்டை போட்டு நூல் கோத்து மானிட்டரில் தொங்கவிட்டேன். பார்க்கவும் அழகாக இருந்தது. எங்கள் அறையில் யாரும் லாக் அவுட் செய்ய மாட்டோம். காலையில் முதலில் வருகிறவருக்குச் சீட்டு திறந்திருக்க வேண்டும் என்பது வழக்கம்.

முதலில் வருகிறவள் குடியாத்தத்துக்காரி. சாம்பிள் தைப்பவள், என்னைவிடப் பத்து வயசு சின்னவள். லுங்கி நெய்கிற குடும்பம். பாசஞ்சர் ரயிலில் வருவதால் எங்கள் பஸ்ஸுக்கு அரை மணி முன்னாலேயே வந்துவிடுவாள், சாவியும் அவளிடம்தான். கொஞ்ச நாளாக நான் உள்ளே நுழையும்போதெல்லாம் அவள் மிஷினில் இல்லாமல் கம்ப்யூட்டரில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் திறந்திருந்த பக்கத்தை மூடிவிட்டு எழுந்துபோவாள். என் குணம் தெரிந்தவர்களுக்கு நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியும்.

"என் மெயில்ல உனக்கு இன்னா வேலை?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா. சீட்டு வந்துச்சான்னு பாத்தேன்" என்றாள்.

மாஸ்டரிடமும் புகார் சொன்னேன். அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடும்மா, சோல் படம் பாத்துட்டு இருந்திருப்பா" என்றார். எனக்கு அது போதவில்லை. அன்றிலிருந்து மாதக்கணக்கில் அவளிடம் வேலைப் பேச்சு தவிர வேறு பேசவில்லை.

இதற்கிடையில் ஒரு நல்லது நடந்தது. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தது. ஆரம்பத்தில் வீடியோ கால்களில் மூன்று தடவை தப்பாகக் குறித்து, மாஸ்டர் திரும்ப வெட்ட வேண்டி வந்தது. பிறகு ஒரு தப்பும் இல்லை. அறையில் யார் பேசினாலும் தெளிவாகக் கேட்டது. வீட்டில்தான் என்னவோ பழையபடி வீட்டுக்காரர் மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. அவர் வாய்க்குள் முணுமுணுக்கிறார் என்று அவர்மேலேயே பழியைப் போட்டேன். அடுத்த முறை வேலூர் போனபோது டாக்டர் புது வரைபடத்தைக் காட்டி, வலது காதும் இன்னும் இறங்கியிருக்கிறது என்றார். நான் விடவில்லை. உங்கள் மெஷின் தப்பு, எனக்கு ஆபீஸில் நன்றாகக் கேட்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப உங்க ஆபீஸ் நல்ல ஆபீஸ்மா" என்றார். கிண்டல் செய்கிறார் என்று கோபித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் குடியாத்தத்துக்காரி கலவை ஊரில் ஒரு கல்யாணம் என்று புதன், வியாழன் இரண்டு நாள் லீவு போட்டாள். வியாழக்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு தோல் வியாபாரப் பக்கத்தைத் திறந்தேன். ஓரத்தில் ஒரு விளம்பரம். ஒரு காது. அதன் பின்னால் தோல் நிறத்தில் சின்ன மெஷின். 'உங்கள் காதுக்கு, யாருக்கும் தெரியாமல்' என்று தமிழிலேயே எழுதியிருந்தது. பக்கத்தை மூடி வேறு பக்கம் திறந்தேன். அங்கேயும் அதே காது.

பஸ்ஸில், என் போனில், என் மடியில் வைத்துக் கேட்டதை இந்த அறையில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது? பக்கத்தில் மாஸ்டர் அளவுகோலோடு நின்றிருந்தார். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கேன்டீனுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். டிபனைத் திறக்கவே இல்லை. இந்த மாயம் என்னவென்று அந்தக் கட்டத்திடமே கேட்டேன். குக்கீ என்று ஒன்று இருக்கிறதாம். பிஸ்கட்டுக்குச் சொல்கிற அதே பேர். நாம் ஒரு தளத்துக்குப் போனால் அது நம் பிரௌசரில் ஒரு சின்ன அடையாளத்தைப் போட்டுவிட்டுப் போகும். அடுத்த தடவை அந்த அடையாளத்தைப் பார்த்து, நேற்று வந்த அதே ஆள் என்று கண்டுகொள்ளும். எங்கள் ஊரில் தோல் பதனிடுகிற ஷாப்களில் இதே போல ஒன்று உண்டு. பச்சைத் தோலின் ஓரத்தில் யாருடைய சரக்கு என்பதற்கு ஓட்டை போட்டு விடுவார்கள். சுண்ணாம்பில் ஊறி, டிரம்மில் உருண்டு, சாயம் ஏறி, எந்த ரூபத்தில் வெளியே வந்தாலும் அந்த ஓட்டை காட்டிக் கொடுத்துவிடும். எனக்கும் அப்படி ஓட்டை போட்டிருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

அமைப்புகள் என்கிற பகுதியைத் திறந்து, அடையாளம் வைத்திருக்கிற தளங்களின் பட்டியலைப் பார்த்தேன். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நான் போன தளங்கள் கொஞ்சம். நான் கேள்வியே படாத பேர்கள் அதைவிட ஜாஸ்தி. ஒரு சமையல் குறிப்பு பார்க்கப் போன இடத்தில் எத்தனை பேர் கதவுக்குப் பின்னால் நின்று என்னைக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்! பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு உண்மையில் பிரமிப்பாக இருந்தது. பேரணாம்பட்டு பஸ்ஸில் போகிற ஒரு பெண்பிள்ளையை இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாக ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அதற்குக் கீழே சேமித்த பாஸ்வேர்டுகள். கரண்ட் பில், ரயில் டிக்கெட், மகளின் காலேஜ் கவுன்சலிங், பேர் மறந்துபோன ஏதோ ஒரு புடவைக் கடை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கண் படம். அதைத் தட்டினால் புள்ளிகள் விலகி எழுத்து தெரிந்தது. மகள் பிறந்த வருஷம், வீட்டுக்காரர் பேரின் முதல் பாதி, நாங்கள் வளர்த்த நாயின் பேர். நாய் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னும் அது ஏதோ ஒரு கணக்குக்குக் காவல் இருந்துகொண்டிருந்தது. பத்து வருஷ வாழ்க்கையை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இங்கே வரிசையாக இருந்தது, அதுவும் தோல் துண்டில் வெள்ளிப் பேனாவால் சாவி எழுதித் தொங்கவிட்ட ஒரு கம்ப்யூட்டரில்.

குக்கீ எல்லாவற்றையும் ஒரே தட்டில் அழித்தேன். அப்பாடா என்றிருந்தது. இனி வேலையைப் பார்ப்போம் என்று தேடுகிற கட்டத்தில் எக்ஸ்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடிக்க ஆரம்பித்தேன். முதல் எழுத்தான 'இ' விழுந்ததுமே கீழே சரசரவென்று வரிகள் இறங்கின. இயர் நெர்வ் வீக். இயர் மெஷின், வெளியே தெரியாதது. இயர் ப்ராப்ளம், வேலையை விட்டு எடுப்பார்களா. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கேட்டது, புதன்கிழமை பஸ்ஸில் கேட்டது, எல்லாம் என் வார்த்தையில், நான் விட்ட எழுத்துப் பிழையோடு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தளங்கள் போட்ட அடையாளம் வேறு, பிரௌசர் வேறு. பிரௌசரே என் கணக்கில் உள்ளே இருந்தது. அன்றைக்கு எல்லாச் சாதனங்களிலும் ஒன்றாக வைக்கட்டுமா என்று அது கேட்டது இதைத்தான். போனில் நான் எதைத் தேடினாலும் அது இந்த அறைக்கும் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. ஒன்றரை வருஷமாக. ஆறு பேர் உட்கார்கிற கம்ப்யூட்டரில்.

அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளாக எல்லோருக்கும் தெரியும். என் பின்னால் எத்தனை சிரிப்பு சிரித்திருப்பார்கள்? எவ்வளவு தூரம் பார்த்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஹிஸ்டரியைத் திறந்தேன். செவ்வாய், புதன் இரண்டு சாயங்காலத் தேடல்களும் அப்படியே இருந்தன. அதற்கு முன்னால் போனேன். திங்கள் சாயங்காலம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு இருந்தது. பாசஞ்சர் நேரம் இருந்தது. காது இல்லை. அதற்கு முந்தின வாரம் போனேன். சோல் கம்பெனி இருந்தது, மகள் கேட்ட சுடிதார் இருந்தது. காது இல்லை. என் போனை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. எட்டு ஒன்பது மாதத்துக்கு அந்தப் பக்கம் போன பிறகுதான் மறுபடி காது வந்தது.

இயந்திரம் தானாக அழித்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து அழித்திருக்கும். இது கையால் அழித்தது. ஒரே சாயங்காலத்தில் இரண்டு நிமிஷ இடைவெளியில் கேட்டவற்றில் குழம்பை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்திருந்தது. ஒவ்வொரு வரியாகப் பார்த்து, கட்டத்தில் டிக் போட்டு, நீக்கு என்று தட்டி. ஒரு நாள் விடாமல். செவ்வாய்க்கிழமை காலையோடு அது நின்றிருந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இந்த அறைக்கு வராதவள் ஒருத்திதான்.

நான் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன், முதல் தடவையாகப் பார்ப்பது மாதிரி. வெளிச்சம் போதவில்லை என்று மாஸ்டர் என் மேஜையைத் திருப்பிப் போட்டாரே, எதற்கு? இப்போது எல்லோரும் என் வலது பக்கமாகத்தான் வந்தாக வேண்டும். பேட்டர்ன் பறக்கிறது என்று என் தலைக்கு மேலே இருந்த ஃபேனை அணைத்துவிட்டு ஓரத்து ஃபேனைப் போட்டுக்கொண்டார்கள். அந்த ஃபேன் போட்ட கடகட சத்தம் எனக்கு ஞாபகம் வந்தது. நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருந்த ரேடியோ ரிப்பேர் என்றார்கள். யாரும் அதை ரிப்பேருக்குக் கொடுத்ததாகத் தெரியவில்லை. பேசுவதற்கு முன்னால் எல்லோரும் தோளை லேசாகத் தொடுகிறார்கள், முகத்துக்கு நேராக நின்று பேசுகிறார்கள். வீடியோ கால் நடக்கும்போது குடியாத்தத்துக்காரி எனக்கு எதிரே ஒரு ஷூவை வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரர் கையை வைக்கிற இடத்திலெல்லாம் வெள்ளிப் பேனாவால் கோடு போடுவாள். தையல்காரி, தன் வேலைக்காகப் போடுகிறாள் என்று நினைத்தேன். அவள் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் நான் காதில் விழுந்ததாக நினைத்துக்கொண்டேன்.

மாத்திரை வேலை செய்யவில்லை. ஐந்து பேர் வேலை செய்திருக்கிறார்கள்.

அழுகை வந்தது, அழுதேன். பிரமிப்பு என்று முன்னால் எழுதினேனே, அந்தப் பட்டியலைப் பார்த்து வந்தது இதற்குப் பக்கத்தில் நிற்காது. என்னைத் தெரிந்துகொண்ட தளங்கள் எல்லாம் என் காதை வைத்து எனக்கு ஏதாவது விற்கப் பார்த்தன. தெரிந்துகொண்ட இந்த ஐந்து பேரும் ஒரு பார்வை, ஒரு ஜாடைகூடக் காட்டவில்லை. இப்படியும் மனுஷர்கள் இருப்பார்களா என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து, செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒன்றாக வைப்பதை நிறுத்தினேன். சேமித்த பாஸ்வேர்டுகளை எடுத்தேன். என் கணக்கு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று பார்த்தால், விற்றுவிட்ட பழைய போன் ஒன்று, மகளின் கவுன்சலிங்குக்காக வேலூரில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்த கம்ப்யூட்டர் ஒன்று, இரண்டும் இன்னும் உள்ளே இருந்தன. எல்லாவற்றிலிருந்தும் வெளியேறு என்று தட்டினேன். புதுப் பாஸ்வேர்டு வைத்தேன், போனுக்கு எண் வந்தால்தான் திறக்கும்படி செய்தேன். சாம்பிள் ரூமுக்கென்று தனியாக ஒரு மெயில் உண்டாக்கி, மூடும்போதெல்லாம் குக்கீ அழியட்டும் என்று பிரௌசருக்குச் சொன்னேன். தோல் துண்டைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். ஒரு மணி நேர வேலை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வந்து, வாட்ச்மேனிடம் மாற்றுச் சாவி வாங்கி, அவளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அவள் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு வந்தாள். என்னைக் கம்ப்யூட்டர் எதிரில் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"வா. அழிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நானே அழிச்சிட்டேன்" என்றேன்.

"இன்னாத்தக்கா அழிக்கறது?"

"நடிக்காத. என் காது விஷயம் உனக்கு எத்தினி மாசமா தெரியும்?"

அவள் பையை மிஷின்மேல் வைத்தாள். என் வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்றாள். "நீங்க எங்ககிட்ட சொன்னீங்களாக்கா?"

"இல்ல."

"அப்ப எங்களுக்குத் தெரியாது."

"மேஜையைத் திருப்பினது? எதிர்ல நின்னு பேசறது?" என்றேன்.

"எங்க வீடு தறி வீடுக்கா. நாலு பவர்லூம் ஓடும். எங்கப்பாக்கு, சித்தப்பாக்கு, யாருக்கும் காது சரியா கேக்காது. பொறந்ததுலேர்ந்தே நாங்க தோளைத் தொட்டு, மூஞ்சிக்கு நேரா நின்னுதான் பேசுவோம். எனக்கு அது பழக்கம்."

"மாஸ்டருக்கும் பழக்கமா?"

"பழகிக்கினாரு."

"ரேடியோ?"

"அது ரிப்பேர்க்கா" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"சரி, அதையெல்லாம் ஏன் தினமும் உக்காந்து அழிச்ச?"

அவள் கம்ப்யூட்டர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினாள். "வெள்ளிக்கிழமை மேனேஜர் சார் வந்து அந்தச் சீட்லதான உக்காருவாரு. ஒரு எழுத்து தட்டினா மொத்தமும் வந்து நிக்குது. உங்க விஷயம் உங்க வாயால வரட்டும்னுதான். கம்ப்யூட்டர் யாருக்கா அதைச் சொல்றதுக்கு?"

"உன்னை எல்லார் எதிர்லயும் திட்டினேனே..."

"திட்டினீங்க. எனக்குக் காது நல்லாதான் கேக்குது" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

அன்று நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. என் கணக்கைப் பூட்டியாயிற்று. இனி யாருக்கும் எதுவும் தெரியாது, இன்னும் பல வருஷம் இப்படியே ஓட்டலாம். ஆனால் ஓட்டுவது நான் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். என் பொய்யைத் தூக்க ஐந்து பேர் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்றைக்காவது மேனேஜருக்கு வேறு வழியில் தெரிந்தால், மறைத்தார்கள் என்ற பழி அவர்கள் தலையிலும் விழும்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் மேனேஜர் வந்தார். மாஸ்டர் ஜும்மா தொழுகை முடிந்து வந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். குடியாத்தத்துக்காரி வெள்ளிப் பேனாவோடு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"சார், கால் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றேன். "எனக்கு இடது காது கேக்காது. வலது காதும் கம்மி. ஒன்றரை வருஷமா."

அவர் நாற்காலியை இழுத்தவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "மாஸ்டர், உங்களுக்குத் தெரியுமா இது?"

மாஸ்டர் நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்லாத மனுஷர். என்னால் அவர் வாயில் பொய் வந்துவிடப்போகிறதே என்று எனக்குப் பகீரென்றது. அவர் ஷூவை மேஜைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இப்பதான் சார் சொல்றாங்க."

அது பொய் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அது முழு உண்மை. நான் இப்போதுதான் சொன்னேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "கால்ல எதையாவது தப்பா குறிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"மூணு தடவை சார். ஆரம்பத்துல. அப்புறம் இல்ல."

"அப்புறம் ஏன் இல்ல?"

நான் எதிரே இருந்தவர்களைப் பார்த்தேன். மாஸ்டர் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேனாவைத் திறந்து மூடினாள். மேனேஜர் என் பார்வையைத் தொடர்ந்து அவர்களைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "காது மெஷின் வாங்குங்க. அடுத்த வெள்ளிக்கிழமை கால்ல அதோட உக்காரணும். நீங்க உக்காராம இந்தக் கால் நடக்காது" என்றார். அதற்குள் திரையில் வெள்ளைக்காரர் வந்துவிட்டார்.

வீடியோ கால் முடிந்து மேனேஜர் போனார். குடியாத்தத்துக்காரி பேனாவை வைத்துவிட்டு எழுந்து, என் வலது பக்கமாக வந்து, தோளைத் தொட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"அப்படியாக்கா? காது கேக்கலியா? எப்பத்துலேர்ந்து?" என்று கேட்டாள்.

அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. மாஸ்டரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார், மற்றவர்களும் வந்தார்கள். நான் ஹலோ ஹலோ என்று கத்திய அந்தக் காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர்கள் ஒன்றுமே தெரியாதவர்களாக, அச்சச்சோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.